லார்ட் அட்கின்: இரண்டு தீர்ப்புகள், ஒரு மனம்

சட்டக் கல்லூரியில் முதலாண்டைத் தாண்டிய எவருக்கும் லார்ட் அட்கின் என்ற பெயர் தெரிந்திருக்கும். டார்ட்ஸ் எனப்படும் தீங்கியல் சட்டப் பாடத்தில், நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஜிஞ்சர் பீர் பாட்டிலோடு சேர்ந்தே அந்தப் பெயர் மாணவர் மனத்தில் பதிகிறது. 1932இல் அவர் எழுதிய அந்தத் தீர்ப்பு, ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் கவனக்குறைவுச் சட்டத்துக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. ஆனால், அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, போர்க்காலத்தில், சக நீதிபதிகள் நால்வருக்கும் எதிராக அவர் ஒருவராக எழுதிய மாறுபட்ட தீர்ப்பையே அவருடைய வாழ்நாள் பணியின் சிகரமாக நான் கருதுகிறேன். ஒன்று தீங்கியல் பாடத்திலும் மற்றொன்று அரசமைப்புப் பாடத்திலும் தனித்தனியே கற்பிக்கப்படுவதால், இரண்டையும் எழுதிய மனம் ஒன்றே என்பது பலர் கண்ணில் படாமல் போகிறது.

ஜேம்ஸ் ரிச்சர்ட் அட்கின் 1867 நவம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் குடியேறியவர். பத்திரிகையாளர், அங்கே சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தாய் வேல்ஸைச் சேர்ந்தவர். மூன்று ஆண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாய் வேல்ஸுக்குத் திரும்பிய பிறகு, 1872இல் தந்தை பிரிஸ்பேனிலேயே காலமானார். அப்போது அட்கினுக்கு ஐந்து வயது கூட நிரம்பவில்லை. வேல்ஸின் மலைப்புறத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பிரெக்கனில் பள்ளிப் படிப்பு, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரி என்று போய், 1891இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொண்டார். பின்னாளில் பெரிய நீதிபதியான ஸ்க்ரட்டனிடம் தொழில் கற்றார். செல்வாக்குள்ள உறவினர் எவரும் இல்லாத அவருக்குத் தொடக்க ஆண்டுகளில் வழக்குகள் வெகு மெதுவாகவே வந்தன. 1906இல் மூத்த வழக்கறிஞரானார்; 1913இல் உயர் நீதிமன்ற நீதிபதி; 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே தம் ஆசானுடனேயே அமர்ந்தார். பேங்க்ஸ், ஸ்க்ரட்டன், அட்கின் என்ற அந்த மூவர் அமர்வு வணிக வழக்குகளில் பெரும் பெயர் பெற்றது. 1928இல் பிரபுக்கள் அவையின் சட்டப் பிரபுவாக உயர்ந்தபோது, தாம் நேசித்த வேல்ஸ் கடற்கரை ஊரின் பெயரைச் சேர்த்து ‘அபர்டோவியின் அட்கின் பிரபு’ ஆனார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் அமர்ந்த முதல் ஆண்டிலேயே இலங்கைத் தொடர்புள்ள வழக்கு ஒன்று வந்தது. இலங்கை நீர்ப்பாசனத் துறையின் இயக்குநராக இருந்த பால்ஃபர், விடுமுறையில் மனைவியோடு இங்கிலாந்து வந்திருந்தார். மூட்டு நோயால் மனைவி அங்கேயே தங்க வேண்டியிருந்தது. மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு 1916 ஆகஸ்டில் அவர் கப்பலேறினார். பிறகு மணவாழ்க்கை முறிந்தது. ஒப்புக்கொண்ட தொகையைக் கேட்டு மனைவி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அட்கினும் சக நீதிபதிகளும் அதைப் புரட்டினார்கள். கணவன் மனைவி இடையே வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய ஏற்பாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் எண்ணத்தோடு எவரும் செய்துகொள்வதில்லை, ஆகவே அவை ஒப்பந்தம் ஆகா என்பது அட்கினின் நிலை. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் இந்திய, இலங்கை மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பு உடன்பாடானதல்ல. பிரிந்துவிட்ட மனைவி, கணவன் வாக்களித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றப் படியேறிய பிறகும் அதை வீட்டு விவகாரம் என்று ஒதுக்கியது, சம்பாதிப்பவரின் கையையே வலுப்படுத்தியது. போர்க்காலத் தொழில்களில் பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழுவுக்கு ஏறத்தாழ அதே காலத்தில் தலைமை தாங்கியவரும் இதே அட்கின்தான். அந்த அனுபவம் இந்தத் தீர்ப்பில் எதிரொலிக்கவில்லை.

இனி அந்த நத்தை. 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் வெல்மெடோ கஃபே என்ற சிறிய கடைக்கு மே டோனஹ்யூ தம் தோழி ஒருவருடன் போனார். தோழிதான் பணம் கொடுத்தார். ஐஸ்கிரீம் மேல் கடைக்காரர் ஜிஞ்சர் பீரை ஊற்றினார், கொஞ்சம் குடித்தாயிற்று. பாட்டிலில் மீதியைத் தோழி ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பது வழக்கு. பாட்டில் உள்ளே தெரியாத கருநிறக் கண்ணாடி. அதிர்ச்சியும் வயிற்றுக் கோளாறும் ஏற்பட்டதாகச் சொல்லி, தயாரிப்பாளர் ஸ்டீவன்சனிடம் 500 பவுண்டு இழப்பீடு கேட்டார் டோனஹ்யூ.

அன்றைய சட்டத்தில் அவருக்கு வழியில்லை. பொருளை வாங்கியவர் தோழி. ஆகவே கடைக்காரரோடும் டோனஹ்யூவுக்கு ஒப்பந்தம் கிடையாது. தயாரிப்பாளரோ அதற்கும் அப்பால் இருந்தார். டோனஹ்யூவின் வழக்கறிஞர் வால்டர் லீச்மன், ஜிஞ்சர் பீர் பாட்டிலில் எலி கிடந்த இதே போன்ற வழக்கில் சற்று முன்புதான் தோற்றிருந்தார். அப்படியிருந்தும் இந்த வழக்கைக் கையில் எடுத்துப் பிரபுக்கள் அவை வரை கொண்டுபோனார். தமக்கு ஐந்து பவுண்டு சொத்து கூட இல்லை என்று உறுதிமொழி கொடுத்து, செலவுத்தொகை கட்டாமல் மேல்முறையீடு செய்ய டோனஹ்யூ அனுமதி பெற்றார். கடைப் பணிப்பெண் ஒருவரின் வயிற்று வலி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இப்படித்தான்.

1932 மே 26 அன்று தீர்ப்பு வந்தது. மூவர் டோனஹ்யூ பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். அட்கின் எடுத்துக்கொண்ட கேள்வி நேரானது: யாருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை எனக்கு இருக்கிறது? பைபிளில் வழக்கறிஞன் ஒருவன் ஏசுவிடம் கேட்ட கேள்வியை, அயலான் யார் என்ற அதே கேள்வியை, அவர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். அயலானை நேசி என்று சட்டம் கட்டளையிட முடியாது; அவனுக்குத் தீங்கு செய்யாதே என்று சொல்லலாம். என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நான் நியாயமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் என் அயலார். தீர்ப்பு எழுதுவதற்கு முன்பு, பேரப்பிள்ளைகள் நிறைந்த தம் வீட்டில் இந்தக் கேள்வியைப் போட்டு அவர் பேசியதாகக் குடும்பத்தினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நத்தை உண்மையிலேயே பாட்டிலில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. சொல்லப்படும் சம்பவம் உண்மையென்றே வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா என்பதுதான் பிரபுக்கள் முன் இருந்த கேள்வி. அதன்பின் ஸ்டீவன்சன் காலமானார். 200 பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று. ஆனால் சட்டம் மாறிவிட்டது. கையில் ரசீது இல்லாதவரும் தயாரிப்பாளரைக் கேள்வி கேட்கலாம் என்றானது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்புக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறதே, அந்தச் சிந்தனை வந்த பாதையில் இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய மைல்கல்.

சட்டப் பிரபுக்கள் லண்டனில் பிரிவி கவுன்சிலிலும் அமர்ந்து, குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மேல்முறையீடுகளைக் கேட்டார்கள். அட்கினின் பணியில் நம் பக்கத்து வாசகர்கள் அதிகம் அறிய வேண்டிய பகுதி இது. 1931இல் நைஜீரியாவின் லாகோஸ் வழக்கு: எலெகோ என்ற பாரம்பரியத் தலைவரை ஆளுநர் ஊரைவிட்டு வெளியேற்றி வைத்திருந்தார். ஒரு மனிதனின் சுதந்திரத்திலோ சொத்திலோ கைவைக்கும் அதிகாரி, தம் செயல் சட்டப்படியானது என்று நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். அரசாங்கத்தின் முகத்துக்கு எதிரே அந்தக் கேள்வியைத் தீர்க்க நீதிபதி தயங்கக் கூடாது என்று எழுதினார் அட்கின். 1936இல் டிரினிடாட் வழக்கு: தண்டனைகளில் காணப்படும் ஏற்றத்தாழ்வு பற்றி எழுதிய பத்திரிகை ஆசிரியருக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்திருந்தார்கள். அட்கின் அதை ரத்து செய்தார். நீதி வழங்கும் முறையைச் சாதாரண மக்கள் மரியாதையோடு, ஆனால் வெளிப்படையாக விமர்சிக்கலாம் என்ற அவருடைய கருத்தை இந்திய நீதிமன்றங்கள் அவமதிப்பு வழக்குகளில் இன்றும் எடுத்தாள்கின்றன.

1939இன் பாகலா நாராயணசாமி வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1937 மார்ச் 23 அன்று பூரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யாரும் உரிமை கோராத இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே துண்டுகளாக வெட்டப்பட்ட உடல். இறந்தவர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பித்தாபுரத்தில் திவானிடம் வேலை பார்த்த பியூன். திவானின் மகள் அந்தப் பியூனிடம் கடன் வாங்கியிருந்தார். பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளும்படி கடிதம் வந்திருப்பதாகவும், பெர்ஹாம்பூருக்குப் போவதாகவும் தம் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவேயில்லை. திவானின் மருமகனான நாராயணசாமிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, வழக்கு லண்டனுக்குப் போனது.

அட்கின் இரண்டு முடிவுகளைச் சொன்னார். கிளம்பும் முன் மனைவியிடம் சொன்ன சொல், மரணத்தில் முடிந்த நிகழ்வுத் தொடரைச் சேர்ந்தது. அதைச் சாட்சியமாக ஏற்கலாம். காவல்துறையிடம் குற்றவாளி சொன்ன வாக்குமூலத்தையோ, கைதுக்கு முன் சொன்னதாக இருந்தாலும், ஏற்கக் கூடாது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சொற்கள் அதைத் தடுத்தன. தடுப்பது காவல்துறைக்கு இடைஞ்சல் என்பதற்காக அந்தச் சொற்களின் பொருளைச் சுருக்க அவர் மறுத்தார். மற்றச் சாட்சியங்கள் போதும் என்று தண்டனை உறுதியானது. ஆகவே குற்றவாளிக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் போலீஸ் வாக்குமூலம் பற்றிய விதி நிலைத்துவிட்டது. நம் ஊர் அமர்வு நீதிமன்றங்களில் இந்த வழக்கின் பெயர் இன்றும் உச்சரிக்கப்படுகிறது. சட்டத்தில் எழுதியிருப்பதை அதிகாரத்தின் வசதிக்காக வளைக்கக் கூடாது என்ற அதே பிடிவாதம்தான் இரண்டாண்டுகளில் அவரைத் தனிமைக்குக் கொண்டுபோனது.

1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு 18பி என்ற பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. விசாரணையின்றி எவரையும் அடைத்துவைக்க உள்துறை அமைச்சருக்கு அது அதிகாரம் தந்தது. விதியின் முதல் வடிவம், அமைச்சருக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும் என்றது. மக்களவையில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. அரசு இறங்கிவந்து வாசகத்தை மாற்றியது: ஒருவர் பகைவர் தொடர்புள்ளவர் என்று நம்புவதற்கு அமைச்சருக்கு ‘நியாயமான காரணம்’ இருக்க வேண்டும். இந்த மாற்றத்தை மறந்தால் வழக்கே புரியாது. நாடாளுமன்றம் தெரிந்தே, வாதாடி, அமைச்சரின் கையைக் கட்டிய இடம் இது.

1940 மே மாதம், பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்த வேளையில், கைதுகள் பெருகின. பிரிட்டிஷ் ஃபாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் லிவர்சிட்ஜ். யூத மதகுரு ஒருவரின் மகன். பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சேர்ந்திருந்தவர். பகைவர் தொடர்பு உள்ளவர் என்று உள்துறை அமைச்சர் ஜான் ஆண்டர்சன் கையெழுத்திட்ட ஆணையின் பேரில் பிரிக்ஸ்டன் சிறைக்குப் போனார். சட்டவிரோதமாக அடைத்துவைத்ததாக அமைச்சர் மீது வழக்குத் தொடுத்து, என்னைச் சந்தேகிக்க என்ன காரணம் என்று விவரம் கேட்டார். அவருக்காக வாதாடியவர் டி. என். பிரிட், பிற்காலத்தில் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடிய அதே வழக்கறிஞர்.

1941 நவம்பர் 3 அன்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. மாம், மக்மில்லன், ரைட், ரோமர் நால்வரும் அமைச்சர் பக்கம் நின்றார்கள். மாம், நாவலாசிரியர் சாமர்செட் மாமின் அண்ணன். மக்மில்லன், நத்தை வழக்கில் அட்கினோடு நின்றவர். அவர்கள் சொன்ன காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ரகசியத் தகவல்களை நீதிமன்றத்தில் விரிக்க இயலாது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நாடு உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. ஆகவே, காரணம் உண்டு என்று அமைச்சர் நல்லெண்ணத்தோடு நினைத்தாலே போதும் என்றார்கள்.

அட்கின் மறுத்தார். ஒருவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தால் என்று விதி சொன்னால், முறிந்திருப்பதாக அவர் நினைத்தால் என்று அதற்குப் பொருளாகுமா என்று கேட்டார். திருட்டுச் சந்தேகத்தில் கைது செய்யும் சாதாரணக் காவலரும் நியாயமான காரணத்தை நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். அதே சொற்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகங்களில் ஒரே பொருளில் ஆளப்பட்டு வந்ததை உதாரணம் உதாரணமாக அடுக்கினார். குடிமகனின் சுதந்திரம் பற்றிய வழக்கில், அரசாங்கத்தைவிட அதிகமாக அரசாங்க நோக்கில் சிந்திக்கும் நீதிபதிகளைக் கண்டு கவலைப்படுவதாகச் சொன்னார். முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் எடுபட்டிருக்கக்கூடிய வாதங்களை இந்த வழக்கில் கேட்க நேர்ந்ததாகவும் சொன்னார். ஆயுதங்கள் மோதும் ஓசையிலும் இந்த நாட்டில் சட்டம் மௌனமாகிவிடாது; போரிலும் அமைதியிலும் அது ஒரே மொழியைத்தான் பேசும் என்பது அவர் நிலை. லூயிஸ் கரோலின் கதையில், தான் விரும்பும் பொருளையே சொல் தரும் என்று வாதிடும் ஹம்ப்டி டம்ப்டி என்ற பாத்திரத்தையும் துணைக்கு அழைத்தார்.

தீர்ப்பு வெளியாவதற்கு முன்பே அதைப் படித்திருந்த லார்ட் சான்சலர் சைமன், ஹம்ப்டி டம்ப்டி பகுதியை மட்டும் நீக்கிவிடலாமே என்று கடிதம் எழுதிக் கேட்டார். அட்கின் மரியாதையாக மறுத்துவிட்டார். தீர்ப்பு வந்த சில நாள்களில், மாம் தி டைம்ஸ் நாளிதழுக்கே கடிதம் எழுதி அட்கினின் சொற்களைக் கண்டித்தார். அமர்வில் உடனிருந்த நீதிபதியைப் பத்திரிகையில் கண்டிப்பது அன்று கேள்விப்படாத செயல். அட்கின் பத்திரிகையில் பதில் எழுதவில்லை. சக பிரபுக்கள் அவரோடு அமர்ந்து உண்பதைக்கூடத் தவிர்த்தார்கள் என்று அவர் மகள் பின்னர் சொல்லியிருக்கிறார். ஸ்டேபிள் என்ற உயர் நீதிமன்ற நீதிபதி மட்டும் தனிப்பட்ட கடிதத்தில் ஆதரவு தெரிவித்தார். அரியணைக்குக் கீழ் இருக்கும் சிங்கங்கள் என்று ஒரு காலத்தில் வருணிக்கப்பட்ட நீதிபதிகள், உள்துறை அலுவலக நாற்காலிக்குக் கீழ் கீச்சிடும் எலிகள் ஆகிவிட்டார்கள் என்று அவர் எழுதினார்.

போரின் தீவிரம் புரியாத முதியவரின் பிடிவாதம் என்று இதைச் சொல்ல முடியாது. அட்கினின் எட்டுப் பிள்ளைகளில் மூத்த மகன் முதல் உலகப் போரில் உயிரிழந்தவர். நாட்டுக்காக எதையும் இழக்காத ஒருவர் பேசிய சுதந்திரம் அல்ல அது. லிவர்சிட்ஜை விடுதலை செய்யுங்கள் என்றும் அவர் கேட்கவில்லை. காரணத்தைக் காட்டுங்கள் என்றார். டோனஹ்யூவும் லிவர்சிட்ஜும் அவர் முன் ஒரே நிலையில் நின்றார்கள். எதிரே ஒரு பலம் வாய்ந்த தரப்பு; அது செய்தது தவறா என்று சோதிக்கக்கூட வாசலைத் திறக்க மறுக்கும் சட்டம். இரண்டு முறையும் அட்கின் வாசலைத் திறக்கச் சொன்னார். முதல் முறை இரண்டு பேர் கூட வந்தார்கள். இரண்டாம் முறை யாரும் வரவில்லை.

1944 ஜூன் 25 அன்று அபர்டோவியில் அவர் காலமானார். தம் கருத்து வென்றதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. முதல் திருப்பம் இலங்கையிலிருந்து வந்த வழக்கில் ஏற்பட்டது. நக்குடா அலி என்ற துணி வியாபாரியின் உரிமத்தை இலங்கையின் ஜவுளிக் கட்டுப்பாட்டு அதிகாரி ரத்து செய்திருந்தார். அங்கும் விதியில் இருந்தவை ‘நியாயமான காரணங்கள்’ என்ற அதே சொற்கள். காரணம் உண்மையிலேயே இருந்தாக வேண்டும், அதிகாரி நினைத்தால் போதாது என்று 1950இல் பிரிவி கவுன்சில் சொன்னது. வேறு காரணத்தால் அலி தோற்றார் என்பது தனி வருத்தம். 1963இல் லார்ட் ரீட், லிவர்சிட்ஜ் தீர்ப்பை விசித்திரமான ஒன்று என்று குறிப்பிட்டார். பெரும்பான்மையினர் அன்று தவறினார்கள், அது ஒருவேளை மன்னிக்கத்தக்க தவறு. அட்கின் சொன்னதே சரி என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று லார்ட் டிப்லாக் எழுதும்போது 1979 முடிந்துகொண்டிருந்தது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, இங்கிலாந்து கைவிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரும்பான்மைக் கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் துணைக்கு அழைத்தது. நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரல் 28 அன்று வெளியான ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு, விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போடவும் முடியாது என்றது. சென்னை மத்திய சிறையில் அடைபட்டிருந்த தி.மு.க.வினருக்கும் அந்தக் கதவு அன்று மூடப்பட்டது. ஐவரில் நால்வர் அரசின் பக்கம், எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அட்கினைப் போலவே நான்குக்கு ஒன்று. 1977 ஜனவரியில், மூத்தவரான அவரைத் தாண்டி இன்னொருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்லி நீக்க 2017 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1939இல் பிரிட்டிஷ் மக்களவை போதாது என்று திருப்பியனுப்பிய அந்த ‘திருப்தி’ என்ற அளவுகோல், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் தடுப்புக்காவலில் வைக்கலாம். சட்டத்தின் சொல்லே அப்படி இருக்கும்போது நீதிபதியின் கை ஓரளவு கட்டப்பட்டுத்தான் இருக்கும். அட்கினுக்கு நாடாளுமன்றம் தந்த ஆயுதத்தை நம் சட்டமன்றம் நம் நீதிபதிகளுக்குத் தரவில்லை. தடுப்புக்காவல் ஆணைகளை எதிர்த்து வாதாடும் இளம் வழக்கறிஞர்கள், பாடநூலில் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போன அந்த 1941ஆம் ஆண்டு மாறுபட்ட தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். சட்டமன்றத்தில் அமர்ந்திருப்பவர்கள் அதற்கு முன்பே படிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.